வட்டில் பழுதில்லை, பட்டியல்தான் இல்லை

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவினருக்கு, கொழிஞ்சாம்பாறை பால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கிளைச் சர்வர்கள் அனைத்தும் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 என்ற இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கையின் நோக்கத்தில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. இப்போது ஓடும் சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதை நாங்களும் அறிவோம். ஆனால் புதிய இயங்குதளம் எந்த வன்பொருளில் ஏறும், எதில் ஏறாது என்ற பட்டியலை இணைக்காமல் கெடுவை மட்டும் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

மாலைப் பால் வரவு முடிந்து டேங்கர் புறப்பட்ட பிறகே இங்கே சர்வரில் கைவைக்க முடியும். விடியலில் முதல் கேன் எடைக்கு வருவதற்குள் அது மீண்டும் ஓடியாக வேண்டும். அந்த இடைவெளியில் பென்டிரைவிலிருந்து இன்ஸ்டாலர் ஒழுங்காகவே திறந்தது. அதை ஏற்ற வேண்டிய வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரை மட்டும் வெறுமையாக இருந்தது. சற்றுமுன், வட்டுகளைச் சர்வரோடு இணைக்கும் கன்ட்ரோலரின் தொடக்கத் திரையோ இரண்டு வட்டுகளையும் குறையின்றிக் காட்டியிருந்தது. இதைத் தெரிவித்தபோது, வட்டு பழுதென்றும் மாற்ற வேண்டுமென்றும் தங்கள் உதவி மையம் பதிலளித்தது. கோயம்புத்தூரில் புதிய வட்டுகள் வாங்கி மாட்டினோம், அவையும் தெரியவில்லை. பழைய வட்டுகளைத் திரும்ப மாட்டிச் சர்வரை எழுப்புவதற்குள் பொழுது விடிந்துவிட, வரிசையில் நின்ற விவசாயிகளுக்குக் கொழுப்பு அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.

அந்தச் சர்வரில் இருப்பது எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்1068இ கன்ட்ரோலர். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் 2019-இல் வந்த ரெட் ஹாட் 8-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. டிரைவர் இல்லாத இடத்தில் எத்தனை புது வட்டு மாட்டினாலும் இன்ஸ்டாலருக்குத் தெரியப்போவதில்லை. பட்டியலில் ஒரு வரி இருந்திருந்தால் இவ்வளவும் மிச்சம்.

தாங்கள் புதிய சர்வர்கள் வாங்கியபோது பழையவற்றை எல்லைக் கிளைகளுக்கு அனுப்பினீர்கள். எங்களுடையது அவற்றில் ஒன்று. தங்கள் கையிலேயே இருந்த இயந்திரத்தில் என்ன கன்ட்ரோலர் இருக்கிறது என்பதைத் தங்களுக்கே நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு பாக்கியம்தான். அடுத்து ரெட் ஹாட் பதிப்பு 10-க்குப் போவது பற்றியும் சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி பேசுகிறது. அந்தப் பதிப்பு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி உள்ள செயலியைக் கேட்கும். 2010-இல் வந்த எங்கள் இன்டெல் ஜியான் 5600 வரிசைச் செயலியில் அது கிடையாது.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது: கன்ட்ரோலர், செயலி வாரியாகச் சோதித்த பட்டியலை முதலில் வெளியிடுங்கள். அதுவரை கெடுவை நிறுத்திவையுங்கள். நீக்கப்பட்ட இத்தகைய டிரைவர்கள் பலவற்றை ரெட் ஹாட்டோடு ஒத்தியங்கும் இலவச இயங்குதளமான, 2024 மே மாதம் வந்த ஆல்மா லினக்ஸ் 9.4 திரும்பச் சேர்த்திருக்கிறது. இயந்திரத்தை மாற்ற நிதி இல்லாத கிளைகளுக்கு அதைச் சோதித்துப் பயன்படுத்த அனுமதி தாருங்கள். எதைச் செய்தாலும், பட்டியல் இல்லாமல் அடுத்த சுற்றறிக்கையை அனுப்பாதிருக்க வேண்டுகிறோம்.

தேவைப்படாத அந்த வட்டுகளின் பில்லை இத்துடன் இணைத்துள்ளோம். தொகையைக் கிளைக் கணக்கில் வரவு வைக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளைக் கணினிப் பொறுப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை