நிவாரணப் பட்டியல் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு நாதஸ்வரக் கலைஞரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவைத் தடுக்க இலங்கையில் 2021 ஆகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கால் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் அறிவித்த 2000 ரூபாய்க் கொடுப்பனவுக்கு எங்கள் ஊரிலும் பட்டியல் எழுதினார்கள். என்னோடு பல வருடங்களாகத் தவில் வாசிப்பவரின் பெயர் அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, கல்வீடு இருக்கிறது, வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வீடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. உட்சுவருக்கு இன்னும் பூச்சுக்கூட இல்லை. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தது. தவிலைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து விடியற்காலைப் பூசைக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் எடுத்தது. தவணையைத் தள்ளிப்போட அரசாங்கம் வழிசெய்தது உண்மைதான். ஆனால் தள்ளிப்போட்ட தவணைக்கும் வட்டி ஏறிக்கொண்டுதானே இருக்கிறது?

தயவுசெய்து வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வருமானம் நின்றதா என்று பாருங்கள்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியாததல்ல. பங்குனியில் தொடங்கி ஆவணி வரை திருவிழாக்களிலும் கலியாணங்களிலும் உழைப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களை ஓட்டுகிறோம். 2020 மார்ச் 20ஆம் திகதி முதல் ஊரடங்கு வந்தபோது எங்கள் பருவம் தொடங்கும் நேரம். 2021இலும் மே 21இல் பயணத்தடை, ஆகஸ்டில் மறுபடி ஊரடங்கு. நாலைந்து தவில் முழங்கிய திருவிழாக்களை ஒரு நாயனம், ஒரு தவிலோடு முடித்தார்கள். கலியாணம் நிறுத்தியவர்கள் அச்சாரக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களிலும் பிழையில்லை, கொடுத்துவிட்டோம்.

இடையில் தடை தளர்ந்த நாட்களில் அந்தத் தவில் நண்பர் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனார். சீமெந்து குழைத்துக் குழைத்து விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. தவில்காரருக்கு விரல்தான் முதல். அண்மையில் ஒரு சின்னக் கோயில் பூசைக்குக் கூப்பிட்டார்கள். தவில் வாசிக்க விரல்களில் மாட்டும் கூட்டைப் போடும்போதே முகம் சுருங்கியது. பூசை முடிந்து கழற்றியபோது கூட்டின் உள்ளே இரத்தம். அவருடைய மனைவியின் காப்பு ஏற்கெனவே அடைவு கடையில். இந்த மனிதரைத்தான் வசதியானவர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடன் எடுக்கலாமே என்பீர்கள். 4 வீத வட்டியில் தொழில் கடன் என்று 2020இல் அறிவித்தார்கள். வங்கிக்குப் போனால் வியாபாரப் பதிவு, கணக்கு அறிக்கை எல்லாம் வேண்டும் என்கிறார்கள். நாயனத்துக்கும் தவிலுக்கும் யார் வியாபாரப் பதிவு எடுத்து வைத்திருக்கிறார்கள்? பந்தல்காரர், பூமாலை கட்டுபவர், கலியாணச் சமையல்காரர், வீடியோ எடுக்கும் பெடியள், எல்லோருக்கும் இதே கதைதான்.

ஆத்திரம் வருகிறது ஐயா. 2020 ஒக்டோபரில் சீனிக்கான இறக்குமதி வரியை கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். அந்தக் குறைப்பு எங்கள் தேத்தண்ணிக் கோப்பை வரை வந்து சேரவில்லை. 2021 ஆகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதிக்காரருக்கு வரியை விட்டுக்கொடுக்கும்போது அவர்களுடைய வீட்டுச் சுவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 2000 ரூபாய்க்கு மட்டும் எங்கள் வாசலில் என்ன நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். நோயைத் தடுக்கக் கூட்டத்தைக் குறைத்தது சரியான முடிவு. நாங்களும் அதற்குக் கட்டுப்பட்டோம். அதனால் வருமானம் நின்ற குடும்பங்களை வீடு, வாகனம், வியாபாரப் பதிவு எதுவும் பாராமல் பட்டியலில் சேருங்கள். அத்தாட்சி வேண்டுமென்றால் கோயில் பரிபாலன சபையிடம் கடிதம் வாங்கித் தருகிறோம், கலியாண வீட்டாரின் தொலைபேசி இலக்கம் தருகிறோம். ஒரு தடவை 2000 ரூபாயோடு நிறுத்தாமல், திருவிழாவும் கலியாணமும் பழையபடி நடக்கும் வரை மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய ஒரு திகதியையும் அறிவியுங்கள். அடுத்த கொடுப்பனவுக்கு முன்பே இதைச் செய்து தர வேண்டும் என்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணம் இணுவிலிலிருந்து ஒரு நாதஸ்வரக் கலைஞர்
2021 செப்டெம்பர்