பேய்ப்படத்துக்கு நல்ல இருட்டு வேண்டும்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறையினருக்கு,

வணக்கம். குறும்பட விழாவுக்குப் பேய்ப்படம் எடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கேடயமும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்களுக்கு வேண்டியது வேறு. படம் எடுத்தபடியே திரையில் தெரிய வேண்டும். அடுத்த விழாவுக்குப் போகும் வழி அடைபடாமல் இருக்க வேண்டும். இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

முதலில் அரங்கம். படம் மங்கலாகத் தெரிந்தால் உடனே பெரிய புரொஜெக்டருக்கு ஆள் அனுப்புகிறோம். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. 12 அடி அகலமும் 6¾ அடி உயரமும் உள்ள திரையின் பரப்பு 81 சதுர அடி. திரையரங்க அளவான 14 அடி-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு, சாதாரண வெள்ளைத் திரையில் சுமார் 1,150 லூமன் (புரொஜெக்டர் தரும் ஒளியின் அலகு) போதும். விளக்கு பழசாகியிருந்தாலும் 3,000 லூமன் கருவி தாராளம். படத்தைக் கெடுப்பது ஜன்னல் இடுக்கு வெயிலும், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரைக்கே திரும்பும் ஒளியும்தான். கறுப்பு சாம்பல் நிறமானால் மூலையில் ஒருத்தி நிற்பது யாருக்கும் தெரியாது. ஆகவே காட்சியை இரவு 7 மணிக்கு மேல் வையுங்கள். திரையை ஒட்டிய பக்கச் சுவர்களில் கறுப்புத் துணி கட்டுங்கள். கருவியைப் 'பிரசன்டேஷன்' அமைப்பிலிருந்து 'சினிமா' அமைப்புக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று பலருக்குப் பிடிபடாதது. கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள ஒளி அளவை லேப்டாப் 0–255 வீச்சில் அனுப்பி, புரொஜெக்டர் 16–235 என்று எடுத்துக்கொண்டால் 16-க்குக் கீழுள்ள நிழலெல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துவிடும். மாறி அமைந்தால் படம் முழுக்க வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே வீச்சு இருக்க வேண்டும். முந்தின நாளே ஒவ்வொரு படத்திலும் மிக இருண்ட ஷாட்டை, எடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

சத்தம் அதைவிட மோசம். மெல்லிய காட்சியில் பின்வரிசையிலிருந்து "ஒண்ணும் கேக்கல" என்று குரல் வரும், மைக்செட்காரர் ஏற்றிவிடுவார், அடுத்த நிமிஷம் கதவு அறையும்போது ஸ்பீக்கர் கிழியும். படங்களிலேயே அதிகச் சத்தமான காட்சியை முதலில் போட்டு, தாங்கும் அளவுக்கு நிறுத்தி, அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். விழா முடியும்வரை யாரும் தொடக்கூடாது. ஃபேன் இரைச்சலோடு இந்தப் படங்கள் போட்டி போட முடியாது. முடிந்தால் ஏசி அரங்கமாகப் பாருங்கள்.

அடுத்தது உரிமை. விண்ணப்பத்தில் 'படத்தின் எல்லா உரிமையும் கல்லூரிக்கே' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். ஒருமுறை திரையிட அனுமதி கேட்டால் போதும். விழா முடிந்த மறுநாளே துறையின் யூடியூப் சேனலில் படத்தை ஏற்றிவிடாதீர்கள். பொதுவில் வந்துவிட்ட படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் உண்டு. ஸ்பெயினில் 1968 முதல் நடக்கும் சிட்ஜஸ், மாண்ட்ரியலின் ஃபேன்டேசியா, தென்கொரியாவின் புச்சான், ஆஸ்டினின் ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட் எல்லாம் திகிலுக்கும் மாயக்கதைக்கும் தனி இடம் கொடுப்பவை. புச்சானும் ஃபேன்டேசியாவும் ஜூலையில். படம் பல மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் முடியும் மாணவர் படத்துக்குச் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் மற்ற இரண்டுமே தோது. விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையதளமான ஃபிலிம்ஃப்ரீவே வழியாக அனுப்பும் இடங்களில் நாள் தள்ளத்தள்ளக் கட்டணம் ஏறும். கேடயத்துக்கு ஆகும் செலவில் நல்ல படம் ஒன்றிரண்டுக்கு அந்தக் கட்டணத்தைத் துறையே கட்டலாமே! கட்டும் முன் விழாவையும் விசாரியுங்கள். மாதாமாதம் விருது, ஏகப்பட்ட பிரிவுகள், அரங்கின் பெயரே இல்லை என்றால் அது போஸ்டரில் ஒட்ட விழா விருதின் இலைவளையச் சின்னம் விற்கும் கடை.

நீளம் 15 நிமிஷத்துக்குள் இருந்தால் தேர்வுக்குழு எளிதில் இடம் கண்டுபிடிக்கும். ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். அதிலும் அலறலுக்கு முன்பே வரி வந்துவிட்டால் பயம் போச்சு. சினிமாப் பாட்டை அனுமதியில்லாமல் போட்ட படம் வாசலிலேயே நின்றுவிடும். பொதுமக்களுக்கும் திரையிடுவதாக இருந்தால் தணிக்கைச் சான்று வேண்டும். இல்லையென்றால் விழாவுக்கான விலக்கை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் முன்கூட்டியே வாங்குங்கள்.

வெள்ளைச் சேலையையும் கொலுசையும் இனி விட்டுவிடச் சொல்லுங்கள் பிள்ளைகளிடம். சுடலைமாடன், இசக்கி என்ற நாட்டார் தெய்வங்கள் இருக்கிற சீமை இது. ஆனால் கொடையில் (கோயில் திருவிழாவில்) கேமரா வைக்குமுன் கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடமும் சாமியாடியிடமும் கேட்க வேண்டும்; சாமியாடி முகத்தில் லைட் அடிக்கக்கூடாது. கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்கருவியைப் பதிவு செய்தால் அளவு உச்சத்தில் -12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். இல்லையென்றால் ஓங்கி ஒரு அடி விழும்போது பதிவில் சத்தம் கிழிந்துவிடும், எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது.

விழாவுக்குத் தேதி குறிக்கும்போது பக்கத்து ஊர்களில் கொடை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைக்செட் சத்தம் அரங்குக்குள் வரும் இரவில் பேய்ப்படம் எடுபடாது.

இப்படிக்கு,
நெல்லைச் சீமைக் குறும்படக்காரர்கள் சிலர்