தொட்டியைக் கழுவுகிறீர்கள், சோதனை முடிவு எங்கே?

எங்கள் பேட்டையின் நகர மன்றத்தினருக்கு,

வணக்கம். ஆண்டுக்கொரு முறை மின்தூக்கிப் பக்கத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டுகிறீர்கள். கூரைத் தொட்டியைக் கழுவப் போகிறோம், தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்போது கலங்கலாக இருந்தால் சற்று நேரம் திறந்துவிடுங்கள் என்று நான்கு மொழியிலும் எழுதியிருக்கும். கழுவியபின் தண்ணீர் எப்படி இருந்தது என்பது மட்டும் ஒரு மொழியிலும் வருவதில்லை.

சிங்கப்பூர் முழுவதற்கும் தண்ணீர் தரும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் மேல் எனக்குக் குறையில்லை. நீர்த்தேக்கம், மலேசியாவின் ஜோகூர், கழிவுநீரைச் சுத்திகரித்து 2003இல் வந்த நியூவாட்டர், 2005இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று எங்கிருந்து வந்தாலும் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். அளவுகளை இணையத்திலும் போடுகிறார்கள். வழியில் கிருமி சேராதிருக்கக் குளோரமின் என்ற குளோரின் வகை மருந்தைக் கலக்கிறார்கள். ஆனால் மேல்மாடிக்காரர்களான எங்களுக்கு அந்தத் தண்ணீர் உங்கள் பொறுப்பில் உள்ள தொட்டியில் தங்கித்தான் இறங்குகிறது. மூடி இறுக்கமாக இருக்கிறதா, அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று உரிமம் பெற்ற பிளம்பர் பார்த்து, கழகத்துக்குச் சான்று கொடுக்கிறார். குடிக்கிறவர்களுக்குத்தான் தகவல் இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டால் “எல்லாம் ஓகே” என்றார்கள். எது ஓகே?

நீங்கள் சொல்லாததை வேறொருவர் வந்து சொல்கிறார். என் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்கு வடிகட்டி விற்பவர் வந்தார். ஒரு கிளாஸில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய தண்ணீர். இரண்டிலும் மின்கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, மேலே நுரை கட்டியது. “இதையா ஆச்சி குடிக்கிறீங்க?” பாட்டி தவணையில் வாங்கிவிட்டார். அந்தப் பழுப்பு, கம்பி முனையிலிருந்த இரும்பு மின்சாரத்தில் கரைந்து உண்டான துரு. விற்பவரின் தண்ணீரில் தாதுக்களே இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாயாது; தெளிவாகவே நிற்கும். பாட்டி இன்னும் அந்த வடிகட்டித் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார், அது வேறு கதை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். எந்தத் தொட்டி, மாதிரி எடுத்த தேதி, ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி), எஞ்சிய குளோரின், கலங்கல், ஈயம். பக்கத்தில் வரம்பையும் போடுங்கள்: 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பவை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்தவை. ஈயத்தை இப்போது சோதிப்பதில்லை என்றால், அதையும் எழுதிவிடுங்கள்.

முடிவு சரியில்லாத வருடத்திலும் ஒட்டுங்கள். மறுபடி கழுவி மறுபடி சோதித்த தேதியைக் கீழே குறித்தால் போதும். நாங்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு ஓடிவிட மாட்டோம்.

இப்படிக்கு,
பதினோராம் மாடிக் குடியிருப்பாளர்