ஓபி சீட்டில் விடுபட்ட ஒரு வரி

நெஞ்சக நோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். 1980களில் அப்பா ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஃபேக்டரியில் அறுப்பு வேலை பார்த்தார். மாவு மில்லிலிருந்து வந்தவர் போலப் புருவமெல்லாம் வெளுத்திருக்கும், பார்த்துச் சிரிப்போம். அம்மா அவருடைய காக்கிச் சட்டையைத் துவைகல் பக்கம் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவார். உதறாவிட்டால் தண்ணீர் கூழாகிவிடுமாம்.

மூன்று வருடம் முன்பு நெஞ்சில் நீர் கோத்தது. அப்பாவுக்கு அல்ல, அம்மாவுக்கு. ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடி கோத்தது. ஆறு மாதம் டிபி மாத்திரை. நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டிபியைத்தான் நினைப்பீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்ட யாருமே, வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. கடைசியில் திசு எடுத்துப் பார்த்தபோதுதான் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது.

இது நுரையீரலுக்குள் வரும் கட்டி அல்ல, அதைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வருவது. புகைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூச்சோடு போன ஆஸ்பெஸ்டாஸ் இழை 20 முதல் 50 வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். எடுத்த நீரைச் சோதித்தால் மட்டும் பல நேரம் பிடிபடாது. உங்களுக்குத் தெரியாததா இது? தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரின் குழு 1960லேயே இந்த நோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதியது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துக்குள் கால்வைக்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் உண்டு.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டது. அப்பாவின் ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஏடு கிடைத்திருந்தாலும் சட்டை துவைத்தவர் பெயர் அதில் இருக்கப்போவதில்லை. அம்மா மாதிரி ஆட்களுக்கு உங்கள் ஓபி சீட்டை விட்டால் வேறு பதிவே கிடையாது.

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு இன்னும் தடை வரவில்லை. புயலில் நொறுங்கிய ஷீட்டை வெறுங்கையால் அள்ளுகிறவர், கூரையில் மூக்கைக்கூட மூடாமல் துளை போடுகிறவர், அவர் சட்டையைத் துவைக்கிறவர் எல்லாரும் ஒருநாள் உங்களிடம் வரலாம். இப்போதைய வேலையோடு நிறுத்தாமல், முப்பது வருடம் முன்பு அவர்களும் வீட்டாரும் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அம்மாவின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஷீட் அறுத்தவர் மகள்