சவ்வுக்குள் மனக்காயம் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மனக்காயம் உடம்புச் சவ்வில் தங்கிவிடும், அழுத்தி எடுத்துவிடலாம் என்று மசாஜ் விளம்பரங்களும் யூடியூப் காணொளிகளும் சொல்லிவருகின்றன. இதில் பாதிதான் சரி.

ஆட்டுக்கறி நறுக்கும்போது சதையோடு ஒட்டிக்கொண்டு கத்திக்கு வழுக்கும் வெள்ளைப் படலம்தான் அந்தச் சவ்வு, மருத்துவத்தில் ஃபேசியா. நம் தசைகளையும் இது சுற்றியிருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே ஹயலுரோனன் என்ற வழவழப்பான பொருள் இருப்பதால் அவை ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. பயத்திலேயே நாள் கழிப்பவருக்குத் தோள் ஏறியே இருக்கும், தாடை இறுகும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். அசைவு குறைந்தால் நழுவலும் குறையலாம். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களின் முதுகுச் சவ்வு மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாக நழுவுவதை, வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லாங்கெவின் குழு அல்ட்ராசவுண்டில் அளந்து 2011இல் வெளியிட்டது. வலியால் நழுவல் குறைந்ததா, நழுவல் குறைந்து வலி வந்ததா என்பது அந்த அளவீட்டிலிருந்து தெரியாது.

நினைவு இருப்பதென்னவோ மூளையில்தான். சவ்வில் நரம்பு முனைகள் ஏராளம். அங்கே படும் தொடுகையை மூளை பழைய பயத்தோடு சேர்த்துவைத்திருந்தால் அழுத்தும்போது அழுகை வரும். 'அழுகிறார், வேலை செய்கிறது' என்று மேலும் அழுத்துவது பெரிய தப்பு. கையை எடுத்துவிட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதம் தரையில் பதிய உட்காரவைக்க வேண்டும். முழங்கையை வைத்துக் குத்தினாலும் சவ்வு 'உடையாது'. தொடையின் பக்கச் சவ்வை 1 சதவீதம் நசுக்கவே கைவிசை போதாது என்று 2008இல் வந்த கணக்கீடு ஒன்று காட்டியது. கிடைக்கும் சுகம் நரம்பு அமைதியாவதால் வருவது.

அதற்கு ஒரு டென்னிஸ் பந்து போதும். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே பந்தைச் சுவரோடு அணைத்துச் சாய்ந்து, 30 முதல் 60 விநாடி நிற்கவும். மூச்சு 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. வலி 10க்கு 4ஐத் தாண்டினாலோ மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ அழுத்தம் அதிகம். முன்கழுத்தில் கூடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கெண்டைக்காலைத் தொடவே வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லையென்றால் பந்தைத் தேட வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
மதுரை