பாசிக்குள்ளே போடு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பீட்டர்பரோ வீடு எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கேயும் எல்லோரும் நலம். பெரியவள் மினியாபொலிஸிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்று சனிக்கிழமை பக்ஹார்ன் ஏரிக்குப் போயும் ஒரு வால்ஐ மீன் கூட மாட்டவில்லை, எங்கே போட்டாலும் முள்ளில் பாசிதான் வருகிறது, அதனால் நடு ஏரிக்குப் போய்விட்டேன் என்று எழுதியிருந்தாய். அங்கேதான் தப்பு. மீன் அந்தப் பாசிக்குள்ளேதான் இருந்திருக்கும்.

இங்கே மில் லாக்ஸ் ஏரியில் 2005இல் ஜீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. விரல்நகம் அளவுதான். ஆனால் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளியத் தெளிய வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கும், பாசியும் கூடவே ஆழத்துக்கு இறங்கும். உன் பக்கத்து ஏரிகளிலும் அதே கதைதான். வால்ஐயின் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மங்கலில் அதற்குப் பார்வை அபாரம். கூசும் வெயிலில் அதற்கு நிழல் வேண்டும். பாசி அந்த நிழலைத் தருகிறது, இரைக்குக் குட்டிப் பெர்ச் மீன்களையும் தருகிறது.

ஆனால் எல்லாப் பாசியும் ஒன்றல்ல. முள்ளில் வருவதைக் கையில் எடுத்துப் பார். அகலமான இலை, ஒடித்தால் படக்கென்று முறிகிற தண்டு என்றால் அது இங்கே கேபேஜ் என்று சொல்கிற பாசி. அந்த இடத்தை விடாதே. நூல்நூலாய்ச் சுற்றிக்கொண்டு இழுக்க இழுக்க வந்தால் அது மில்ஃபாயில் என்ற பாசி. அதன் உள்ளே போராடாதே, ஓரத்தில் மட்டும் போடு. பழுப்பேறி அழுகத் தொடங்கிய பாசியில் நேரத்தைச் செலவிடாதே. பச்சையாக நிற்பதைத் தேடு.

எனக்கு அதிகம் கைகொடுத்தது நரம்பில் நழுவும் தக்கையும், இரைக்கு அட்டைப்பூச்சியும்தான். தக்கையை நிறுத்துகிற முடிச்சை நரம்பில் நகர்த்தி, அட்டை பாசியின் தலைக்கு ஒரு அடி மேலே தொங்கும்படி வை. பாசிக்கு நடுவே சின்ன வெற்றிடம் தெரிந்தால் அதற்குள் இறக்கு. கடைசி நான்கைந்து அடிக்கு ஃபுளோரோகார்பன் நரம்பு கட்டு. தெளிந்த தண்ணீரில் அது எளிதில் தெரியாது. பாசி முடிகிற ஆழமான ஓரத்தில் எட்டில் ஒரு அவுன்ஸ் ஜிக், அதாவது தலையில் எடை வைத்த தூண்டில் முள், போதும். பாசியில் மாட்டினால் மெல்ல இழுக்காதே, மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டு. ஜிக் விடுபட்டுத் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் பாதி மீன்கள் கவ்வும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். நீ காலை பத்து மணிக்குப் போயிருக்கிறாய். காற்றடித்து அலை புரளும் நாள் என்றால் பகலிலும் பார்க்கலாம். இல்லாவிட்டால் சூரியன் மறைய அரை மணிக்கு முன்னால் போய், இருட்டிய பிறகும் ஒரு மணிநேரம் இரு. அப்போது அவை பாசியை விட்டு மேலே வரும். நீளமான மீன் வடிவத் தூண்டிலைப் பாசியின் தலையை உரசாமல் மெதுவாகச் சுற்றி இழு. போன ஜூனில் இப்படித்தான் ஒன்றைப் படகருகே கொண்டுவந்தேன். நெற்றி விளக்கைத் திருப்பியதும் தண்ணீருக்குள் இரண்டு கண்களும் தணல்போல எரிந்தன. கொஞ்ச நேரம் வலையை நீட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அட்டையை அந்த ஏரிப் பக்கத்துக் கடையிலேயே வாங்கு, மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டாதே. கிளம்பும்போது படகிலும் டிரெய்லரிலும் ஒட்டிய பாசியை ஒன்றுவிடாமல் எடு. அந்தச் சிப்பி அடுத்த ஏரிக்குப் போவதே இப்படித்தான், எங்கள் ஏரிகளில் அதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அப்புறம், ஆகஸ்ட் கடைசி வாரம் எனக்கு லீவு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பேன். அதற்குள் கேபேஜ் எங்கே அடர்ந்திருக்கிறது என்று பார்த்து வை. படகில் வலை இருக்கிறதா என்று மட்டும் எழுது, இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே