விடைக்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பள்ளிகளின் தமிழ், வரலாற்றுப் பாடங்களுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். விடைத்தாள் எப்படித் திருத்தப்படுகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் மகளின் தமிழ் விடைத்தாள் வீட்டுக்கு வந்தது. புறநானூற்றின் 192ஆம் பாடல், கணியன் பூங்குன்றனார் பாடியது. கருத்தை விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் வினா. எல்லோரும் மேடையில் முழங்கும் முதலடியை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டு, கடைசி அடிகளில் போய் நின்றுவிட்டாள். பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் செய்ய மாட்டோம் என்று புலவர் முடிக்கிறார் அல்லவா, அங்கே. இகழக் கூடாது என்பது புரிகிறது, வியக்கவும் கூடாது என்று ஏன் சொல்கிறார் என்று அவளே கேட்டு, அவளே பதிலும் எழுதியிருந்தாள்: "ஆற்றோடு போகும் தெப்பம் போல உயிர் போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். தெப்பம் தானாக நீந்தவில்லையே, அதைப் போய் எதற்குப் பாராட்ட வேண்டும்?"

ஐந்துக்கு ஒன்றரை. ஓரத்தில் சிவப்பு மையில், "புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்."

திருத்திய ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் மேசையில் கட்டுக்கட்டாக விடைத்தாள்; கையில் ஐந்து கருத்து, கருத்துக்கு ஒரு மதிப்பெண் என்று ஒரு விடைக்குறிப்பு. தெப்பத்தைப் பற்றி யோசித்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. பெரியோர் என்பதற்காக வியக்காதே என்று சொன்ன பாட்டுக்கே, பெரியோர் எழுதிய உரையை அப்படியே ஒப்பி என்கிறோம். பூங்குன்றனாரே வந்து தேர்வு எழுதினாலும் ஒன்றரைதான் வாங்குவார் போலிருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சொந்த நடையில், பாடத்துக்குப் பொருந்த எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் வழங்க வேண்டும் என்று ஒவ்வொரு நெடுவினாவின் விடைக்குறிப்பிலும் எழுதுங்கள். இப்போது அங்கங்கே "வழங்கலாம்" என்று போடுகிறீர்கள். அது திருத்துபவரின் மனநிலைக்கு விட்டது. கட்டாயமாக்குங்கள்.

வரலாற்றிலும் இதே கதைதான். 1806 வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் எழுது என்றால், நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தடை, தாடியை மழிக்கச் சொன்னது, தோல் பட்டையிட்ட புதிய தலைப்பாகை என்று பிள்ளைகள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த சிப்பாய் ஒரு தலைப்பாகைக்காக ஏன் உயிரைக் கொடுக்கத் துணிந்தான்? அதே கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இதைக் கேட்டுப் பாருங்கள். தப்பாகவே எழுதட்டுமே, யோசித்துத் தப்பாக எழுதட்டும்.

இலக்கணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. 'நடந்தனன்' என்று கொடுத்தால் நட, த், த், அன், அன் என்று பிரித்து, சந்தி 'ந்' ஆனது விகாரம் என்பதுவரை கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அதே பிள்ளையிடம் 'விழுந்தாள்' என்று கேட்டால் விழிக்கிறது. பாதி வழி அதே வழிதான், ஆனால் புத்தகத்தில் இல்லையே! தினமும் தன் வாயில் புழங்கும் வினைச்சொல்லுக்குள் காலம் நடுவிலும் ஆள் கடைசியிலும் உட்கார்ந்திருப்பதை ஒரு நாளாவது பார்க்காமலே பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் 2019-20 கல்வியாண்டில் தமிழின் இரண்டு தாள்களை ஒன்றாக்கினீர்கள். சரி, பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. அப்போதே மனப்பாடத்தையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். தேர்வு நெருங்கினால் தமிழ்ப் பாடவேளையைக் கணக்குக்கு விட்டுக்கொடுக்கும் பள்ளிகள் வேறு. விழாவில் மட்டும் மூத்த மொழி, முதல் மொழி. அந்தப் பேச்சையும் யாரோ எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் மனப்பாடம் செய்துதான் பேசுகிறார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. புதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டாம், குழு அமைக்க வேண்டாம். சொந்த நடையில் எழுதிய பொருத்தமான விடைக்கு முழு மதிப்பெண் என்ற அந்த ஒரு வரியை, வரும் அரையாண்டுத் தேர்வின் விடைக்குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். பொதுத் தேர்வுக்கு முன் முதன்மைத் தேர்வாளர்களுக்கும் அதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை